ஹரிசாதன் கயால் நம்பிய வருஷம்

பைசாக் முதல் தேதி, வங்காளிகளின் வருஷப் பிறப்பன்று காலையில், மைதானத்தில் எந்த க்ளப்பின் கூடாரத்துக்குப் போனாலும் கோல் கம்பத்துக்கு மாலை போட்டுக் குங்குமம் வைத்துப் பூஜை நடந்துகொண்டிருக்கும். எங்கள் காசிப்பூர் அருணோதய் சங்கத்திலும் அப்படித்தான். பூஜை முடிந்து சந்தேஷ் கைக்கு வந்ததும் நாங்கள் எல்லாரும் ஒரே ஒரு ஆளைத் திரும்பிப் பார்ப்போம். அவர் பெயர் ஹரிசாதன் கயால். எங்களுக்குச் சாதன்தா. அவர் இனிப்பை மென்று விழுங்கி, மாலை தொங்கும் கம்பத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த வருஷம் எறங்கிடுவோம்" என்பார்.

உடனே நாலு பக்கத்திலிருந்தும் வசவு கிளம்பும். மீன் கடை கேஷ்டோதான் முதல் ஆள். "நல்ல நாளும் அதுவுமா அந்தக் கரிநாக்கக் கழுவிட்டு வரக் கூடாதா சாதன்தா?" என்பான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாங்கள் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தோம் என்பது அவருக்கும் தெரியும். அவர் அப்படிச் சொன்ன எந்த வருஷத்திலும் நாங்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதில்லை. கடைசி ஆட்டத்தில் எதிராளி தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்ட கோலாலோ, எங்களைவிட மோசமான ஒருவன் தோற்றதாலோ, எப்படியோ இரண்டாம் டிவிஷனின் கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

ஒரு காலத்தில் அருணோதய் மேல் டிவிஷனில் இருந்தது. சாதன்தாவின் அப்பா காலத்தில் ஒரு மழை நாளில் பெரிய க்ளப் ஒன்றை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தும் இருக்கிறது. அந்த ஒரு ஜெயத்தை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று தலைமுறை பேசினோம். அவர் அப்பா ஒவ்வொரு வருஷமும் ஆனி மாதம் வந்தால் புது மனிதராகிவிடுவாராம். இந்தத் தடவை நம்மை யாரும் அசைக்க முடியாது என்று வழியில் போகிறவனை எல்லாம் நிறுத்திச் சொல்வாராம். சீசன் முடிந்ததும் ஒரு வாரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வீட்டில் யாரோடும் பேச்சு இருக்காது, சோறும் சரியாக இறங்காது. அதைப் பார்த்து வளர்ந்தவர் சாதன்தா. மனிதன் நம்பித் தொலைத்தால்தானே இந்தப் பாடு என்று சின்ன வயசிலேயே முடிவு கட்டிவிட்டதாக என்னிடம் ஒரு தடவை சொன்னார். ஆனால் ஆட்டத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. நம்பிக்கை இல்லாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி.

நகராட்சியின் தண்ணீர் பம்ப் ஹவுஸில் அவருக்கு வேலை. காலையில் தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும், சாயங்காலம் மறுபடி திறக்க வேண்டும். நடுவில் மதியம் பூரா அவருடையது. மைதானத்து ஆட்டமெல்லாம் மதியத்தில்தான். பம்ப் ஹவுஸ் காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் அவரும் அவர் மனைவி மினதி பௌதியும். மற்றதில் நான். மகளை ஆசன்சோலில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பௌதிக்குக் கால்பந்து என்றால் மழையில் நனைந்து வரும் புருஷனும், சேறு படிந்த வேட்டியும்தான்.

நான் சொல்ல வந்த அந்த வருஷம் பங்குனியில் ஆஜிபர் மொண்டல் வந்து சேர்ந்தான். முர்ஷிதாபாத் பக்கம் டோம்கலைச் சேர்ந்தவன். முன்னால் நின்று கோல் போடுகிற ஆள். க்ளப்பின் காரியதரிசி சாமந்தா பாபு ஏதோ கிராமத்துக் கோப்பை ஆட்டத்தில் அவனைப் பார்த்துக் கூட்டி வந்திருந்தார். சாமந்தா பாபு பந்தல் காண்ட்ராக்டர். மூங்கிலையும் துணியையும் வைத்து அரண்மனை கட்டுகிறவர், பேச்சிலும் அப்படியே. வீரர்கள் தங்கும் மெஸ்ஸை வாடகை கட்ட முடியாமல் மூடியாயிற்று. ஆஜிபருக்கு வெளியில் அறை பார்த்தால், முஸ்லிம் பேரைக் கேட்டதும் வீட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவது ஞாபகம் வந்தது. கடைசியில் சாமந்தா பாபு சாதன்தாவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரண்டு நாளில் வேறு இடம் பார்த்துவிடுவதாகச் சொல்லிப் போனார்.

தன்னைக் கேட்காமல் ஆளைக் கூட்டி வந்ததற்குப் பௌதி முதல் நாள் பாத்திரங்களை ஓசையோடு வைத்தாள். மறுநாள் அவனுக்கு எந்த மீன் பிடிக்கும் என்று கேட்டாள். அதற்கப்புறம் யாரும் இரண்டு நாளைப் பற்றிப் பேசவில்லை. அவன் அவர்களைக் காக்கு, காக்கிமா என்று கூப்பிட்டான். சித்தப்பா, சித்தி முறை.

விடியற்காலையில் சாதன்தா வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்க உட்காரும்போது, ஆஜிபர் பம்ப் ஹவுஸ் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பான். வலது கால், இடது கால், மறுபடி வலது. பந்து சுவரில் பட்டுத் திரும்பி அவன் காலடிக்கே வரும், வளர்த்த நாய் மாதிரி. முதல் சில நாள் சாதன்தா செய்தித்தாள் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். பிறகு செய்தித்தாளை எடுத்து வரவேயில்லை. பயிற்சிக்கும் கூடவே போக ஆரம்பித்தார். எங்கள் பின்வரிசைக்காரர்கள் யாரும் அவனைத் தடுக்க முடியவில்லை என்று வந்து என்னிடம் சொன்னார். எங்கள் பின்வரிசை யாரைத்தான் தடுத்திருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் இதுவரை நான் பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது. கூச்சம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷப் பிறப்புப் பூஜையில் சந்தேஷ் வந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தோம். கேஷ்டோ வசவைத் தயாராக நாக்கு நுனியில் வைத்திருந்தான். சாதன்தா வழக்கத்தைவிட நிறைய நேரம் மென்றார். பிறகு மெதுவாக, "மேல போவோம்னு நெனைக்கறேன்" என்றார்.

கேஷ்டோ வசவை விழுங்கிக்கொண்டான். பெரியவர் ஒருவர் மட்டும், இவர் வழக்கமானதையே சொல்லித் தொலைத்திருக்கலாமே, எதற்கு மாற்றுகிறார் என்று முணுமுணுத்தார். ஆனால் அடுத்த நாளே காசிப்பூர் பஜார் பூராவும் செய்தி பரவிவிட்டது. சாமந்தா பாபு பத்து வருஷமாக மேலே போவோம் என்று சொன்னதை ஒருத்தரும் நம்பியதில்லை. சாதன்தா ஒரு தடவை சொன்னார், எல்லாரும் நம்பிவிட்டோம். அந்த மனிதரே சொல்கிறார் என்றால் உள்ளே விஷயம் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தவர்கள் எல்லாம் கேஷ்டோவின் கடையில் வந்து நின்று, முதல் ஆட்டத்துக்கு லாரியில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கேஷ்டோ மீன் விற்கிற நேரம் போக மீதி நேரத்தில் ஆஜிபர் பெயரைத் துணியில் எழுத ஆள் தேடினான். நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். இல்லை என்று சொன்னால் பொய்.

வைகாசிக் கடைசியில் ஆஜிபருக்கு ஊரிலிருந்து அவனுடைய பழைய கோச் போன் செய்தார். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள், தேர்வு ஆட்டத்துக்கு உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன், வந்து ஆடு என்றார். கிடைத்தால் நிரந்தர வேலை. ஆனால் அப்புறம் ரயில்வே அணிக்குத்தான் ஆட வேண்டும், அருணோதய்க்கு ஆட முடியாது.

அன்று மதியம் நானும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். ஆஜிபர் சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க காக்கு?" என்றான்.

சாதன்தா தண்ணீர் குடித்தார். பிறகு, "ரயில்வே எங்க ஓடிப் போகுது? அடுத்த வருஷமும் எடுப்பாங்க. இந்த ஒரு சீசன் இங்க ஆடி நாலு கோல் போட்டேன்னு வெச்சுக்க, நீ அவங்களத் தேடிப் போக வேண்டாம், அவங்க உன்னத் தேடி வருவாங்க" என்றார்.

அப்படி நடப்பதும் உண்டுதான். மைதானத்தில் பேர் எடுத்து வேலைக்குப் போனவர்களை எங்களுக்கே தெரியும். ஆனால் அவர் அதைச் சொன்னபோது அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னார்.

பௌதி கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு என்ன வயசாகுது ஆஜிபர்?" என்று கேட்டாள். சொன்னான். ஒதுக்கீட்டுக்கு எந்த வயசு வரைக்கும் என்று கேட்டாள். அதையும் சொன்னான். அடுத்த வருஷம் ஒரு தடவை போகலாம், அத்தோடு சரி.

"அவங்க அப்பா பீடி சுத்தறவரு. நீங்க ஒங்க க்ளப்புக்காகப் பேசறீங்க" என்றாள் புருஷனிடம்.

"அவனுக்காகவும்தான் பேசறேன்."

"அவனுக்காகப் பேசறதா இருந்தா இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்க. போன்னு."

சாதன்தா எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஆஜிபர் என்னைப் பார்த்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் முதல் ஆட்டத்துக்கு லாரியில் இடம் இருந்தது. தேர்வு ஆட்டத்தன்று அவன் போகவில்லை. காலையில் வழக்கம்போலச் சுவரில் பந்தை அடித்தான். பிறகு தெரிந்தது, அவன் தன் கோச்சுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லியிருந்தான்.

சீசனுக்கு முன்னால் டம்டம் பக்கத்து அணி ஒன்றோடு பயிற்சி ஆட்டம் வைத்திருந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மைதானத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர். இருந்தும் ஆஜிபர் இடைவேளைக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டான். இரண்டாவது கோலுக்குக் கேஷ்டோ என்னைக் கட்டிப் பிடித்து மீன் வாசனையோடு முத்தம் கொடுத்தான். அதற்குப் பிறகு ஓர் இடத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது, ஆஜிபர் பந்தோடு திரும்பினான். உடம்பு திரும்பியது, கால் சேற்றில் நின்றுவிட்டது. அவன் கத்தவில்லை. தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு முழங்காலைக் கையால் மூடினான், அதை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல.

சாமந்தா பாபு குடையோடு வந்து பார்த்துவிட்டு, சுளுக்குத்தான், ஐஸ் வைத்தால் இறங்கிவிடும் என்றார். வீக்கம் இறங்கியது, காலை ஊன்றினால் முழங்கால் பக்கவாட்டில் போனது. சாதன்தா லீவு போட்டு அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். உள்ளே தசைநார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் நடப்பதற்கு உத்தரவாதம், ஆடுவதற்கு இல்லை என்று டாக்டர் சொன்னார். வரிசையில் பெயர் எழுதிக்கொண்டார்கள். துர்கா பூஜை கழித்துத்தான் தேதி. சாதன்தா சாமந்தா பாபுவிடம் தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கலாமா என்று கேட்கப் போனார். அவர் சாதன்தாவின் தோளில் கை போட்டு, க்ளப் நிச்சயம் பார்த்துக்கொள்ளும் என்றார். பார்த்துக்கொள்ளவில்லை.

ஆனால் ரசிகர்களிடம் சாமந்தா பாபு வேறு மாதிரி சொல்லியிருந்தார். முதல் இரண்டு ஆட்டத்துக்கு ஓய்வு, மூன்றாவதிலிருந்து ஆஜிபர் ஆடுவான், முடிந்தால் முதல் ஆட்டத்திலேயே கடைசி நேரத்தில் இறக்குவோம். பஜாரில் எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாதன்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு கேஷ்டோவின் கடைக்குப் போனார். லாரிக்குக் கொடி கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் ஆட மாட்டான்டா கேஷ்டோ" என்றார். "மூணாவது ஆட்டமும் இல்ல, முப்பதாவது ஆட்டமும் இல்ல. கால் போயிடுச்சு."

கேஷ்டோ அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆரம்பிச்சுட்டீங்களா? ஒரு வருஷமாவது வாய மூடிட்டு இருப்பீங்கன்னு பாத்தேன்."

"ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"சரி, டாக்டர் சொல்வான். டாக்டர் எல்லாத்துக்கும் இல்லன்னுதான் சொல்வான்" என்றான் கேஷ்டோ. பக்கத்தில் இருந்த ஒருவன், சாதன்தாவுக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது, நல்ல சகுனம்தான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

திரும்பி வரும்போது சாதன்தா, தான் ஒரே ஒரு தடவை சொன்ன பொய்யை நம்பியவர்கள் இப்போது உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார்களே என்றார். அது பொய் இல்லையே, நீங்கள் நம்பித்தானே சொன்னீர்கள் என்றேன். "அதான் சொல்றேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. மேலே கேட்கவும் இல்லை.

முதல் ஆட்டத்தன்று சாதன்தா வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆஜிபர்தான் போக வேண்டும் என்றான். பௌதி தடுத்தாள், அவன் கேட்கவில்லை. சாதன்தாவும் நானும் டாக்சி வைத்து அவனைக் கூட்டிப் போனோம். எங்கள் மரப் படிக்கட்டு கேலரி அன்று நிரம்பியிருந்தது. அத்தனை வருஷத்தில் அது அப்படி நிரம்பி நான் பார்த்ததில்லை. அவன் பெயர் எழுதிய துணியை முன்வரிசையில் விரித்துப் பிடித்திருந்தார்கள். நாங்கள் கீழே வந்து நின்றோம். ஒரு கக்கத்தில் ஊன்றுகோல், ஒரு பக்கம் சாதன்தாவின் தோள். படியேறத் தெரியாமல் ஆஜிபர் நின்றான். மேலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கூச்சல் ஒரு மூலையிலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. கேஷ்டோ கையிலிருந்த துணியின் முனையை விட்டுவிட்டு இறங்கி வந்து, ஆஜிபரைத் தூக்கிக்கொண்டு போய் மேலே உட்கார வைத்தான். துணியை மடித்து அவனுக்கு முதுகுக்கு அணையாக வைத்தான்.

நான்கு கோல் வாங்கினோம். இடைவேளையிலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆஜிபரின் முழங்காலைப் பார்ப்பதும், அவன் பார்த்தால் வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தார்கள். அவன் மட்டும்தான் ஆட்டத்தைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் பந்து எதிர் கோல் பக்கம் போகும்போது அவன் நல்ல கால் கொஞ்சம் அசைந்தது.

அந்த சீசனில் நாங்கள் இறங்கினோம். இன்னும் ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே இறங்குவது உறுதியாகிவிட்டது. சாதன்தா வருஷப் பிறப்பன்று மாற்றிச் சொன்னதுதான் காரணம் என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆபரேஷன் தேதி வருவதற்குள் ஆஜிபரின் அப்பா வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாதன்தாவிடம் அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மகனுக்கு இத்தனை நாள் சோறு போட்டதற்குப் பௌதிக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் போன பிறகு பௌதி அடுப்படியில் நின்று அழுதாள். சாதன்தா வால்வைத் திறக்கப் போக மறந்துவிட, தெருவில் குடத்தோடு பெண்கள் சத்தம் போட்டார்கள். நான் போய்த் திறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் ஆட்டத்துக்குப் போவதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. மூன்றாம் டிவிஷன் ஆட்டங்களுக்கும் போனார். தனியாகக் கடைசிப் படியில் உட்காருவார். எதுவும் சொல்ல மாட்டார், திட்டக்கூட மாட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, டோம்கலுக்குப் போக வேண்டும், கூட வா என்றார். பௌதி கட்டிக் கொடுத்த தேங்காய் உருண்டையோடு கிளம்பினோம். பஹரம்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ். பஸ் ஸ்டாண்டுக்கு ஆஜிபரே தன் டோட்டோவை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பேட்டரி ரிக்‌ஷா, கடன் வாங்கிப் போட்டது. கொஞ்சம் சதை போட்டிருந்தான். கல்யாணமும் ஆகியிருந்தது. வழி முழுக்க, இந்த வருஷம் அருணோதய்யில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், முன்னால் யார் ஆடுகிறான், கோல்கீப்பர் பழைய ஆளேதானா என்று கேட்டுக்கொண்டே வந்தான். சாதன்தா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டில் பாயில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். கோழிக் குழம்பு. அவன் மனைவி பரிமாறிவிட்டு உள்ளே போனாள். சாதன்தா சோற்றில் கை வைக்கவில்லை.

"நான்தான் ஒன்னப் போக விடல ஆஜிபர்" என்றார்.

ஆஜிபர் ஈ உட்காராமல் கையால் விசிறினான்.

"தெரியும் காக்கு" என்றான். "சாப்பிடுங்க."

சாதன்தா சாப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லாமல், போட்டதையெல்லாம் சாப்பிட்டார்.

சாயங்கால ரயிலில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிளாசி தாண்டியதும், "டோட்டோவுல ஏறும்போது பாத்தியா? காலைக் கையால தூக்கி வெக்கறான்" என்றார். பார்த்தேன் என்றேன்.